மீந்துபோன பெயிண்டை யாராச்சும் திருப்பி வாங்குறாங்களா? மாடிப்படிக்கு கீழ டப்பாவா நிக்குது

தாம்பரம்_வாசி:

வணக்கம் மக்களே. போன மாசம் வீட்டுக்கு உள்ளயும் வெளியவும் பெயிண்ட் அடிச்சு முடிச்சோம், லேபர் கான்ட்ராக்ட் தான், சாமான் எல்லாம் நானே கடையில எடுத்துக் குடுத்தேன். மேஸ்திரி லிஸ்ட் போட்டுக் குடுத்தாரு, நானும் மறுபேச்சு இல்லாம அப்படியே வாங்கிட்டேன், இப்ப வேலை முடிஞ்சு பாத்தா மாடிப்படிக்கு கீழ ஒரு குட்டி பெயிண்ட் கடையே நிக்குது. வெளிச்சுவருக்கு வாங்குன 20 லிட்டர் பக்கெட்ல பாதி அப்படியே இருக்கு, உள் ரூம் கலர் ஒவ்வொண்ணுலயும் அரை லிட்டர் முக்கா லிட்டர்னு அஞ்சு டின், ஜன்னல் கம்பிக்கு அடிச்ச பிரவுன் எனாமல் ஒரு டப்பா, வாட்டர் பிரைமர் கொஞ்சம், தின்னர் பாட்டில் ஒண்ணு. இது போக அப்பா வாங்கி வச்ச பழைய எனாமல் டப்பா ரெண்டு பரண்ல இருந்து இறங்கியிருக்கு, மூடியே திறக்க வரல.

கடையில கேட்டேன், கலர் மிக்ஸ் பண்ணதை திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க. குப்பை வண்டியில வர்ற அக்கா டப்பாவை எட்டிப் பாத்துட்டு "உள்ள தண்ணியா இருக்கே சார், இது வேணாம்"னு சொல்லிட்டாங்க. காயலான் கடைக்காரர் சொன்னது இன்னும் சூப்பர், "உள்ள இருக்கிறதை எங்கயாவது ஊத்திட்டு காலி பக்கெட்டா கொண்டாங்க, எடைக்குப் போட்டுக்கறேன்". எங்கயாவதுன்னா எங்க சார்? பக்கத்து வீட்டுக்காரர் தெருவுல இருக்கிற மழைநீர் வடிகால் மூடியைக் கை காட்டுறாரு.

வெளிநாட்டுல பழைய பெயிண்டை வாங்கி அதையே மறுபடி பெயிண்டா ஆக்கி விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம ஊர்ல அப்படி ஏதாவது இருக்கா? இல்லன்னா எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து காம்பவுண்டு சுவருக்கும் மொட்டை மாடித் தரைக்கும் அடிச்சுரலாமான்னு ஒரு யோசனை ஓடுது. நிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கலர்_பாண்டி:

அண்ணே நான் பெயிண்டிங் வேலை தான் பாக்குறேன், மதுரை. எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்குறேன்னு மட்டும் ஆரம்பிச்சுறாதீங்க. எமல்ஷன்ங்கிற சுவர் பெயிண்டும் உங்க வாட்டர் பிரைமரும் தண்ணி ஐட்டம், எனாமல் ஆயில் ஐட்டம், ரெண்டையும் சேத்துக் கலக்குனா பால் திரிஞ்ச மாதிரி ஆயிரும், அப்புறம் ரெண்டுமே எதுக்கும் ஆகாது. எனாமலையும் தின்னரையும் தனியா ஒரு ஓரமா எடுத்து வைங்க, அதை அப்புறம் பாப்போம்.

தண்ணி ஐட்டத்துல ஒவ்வொரு டின்னாத் திறந்து மோந்து பாருங்க. அழுகுன முட்டை வாடையோ சாக்கடை வாடையோ வந்தா அது கெட்டுப் போச்சு, அதைப் போய் நல்லதுல ஊத்திறாதீங்க, ரூமுக்குள்ள அடிச்சா காஞ்ச பிறகும் நாள்கணக்கா நாறும். வாடை இல்லாம மேல தண்ணி பிரிஞ்சு கீழ கெட்டியா நின்னா பயப்பட வேணாம், குச்சிய அடி வரைக்கும் விட்டுச் சுரண்டிச் சுரண்டி கலக்குங்க, சேந்துரும். கலக்குன குச்சியத் தூக்கிப் பாத்தா வழவழன்னு இறங்கணும். குறுணை குறுணையா இறங்குச்சுன்னா அதையும் விட்டுருங்க. நல்லா இருக்கிறத கொசுவலைத் துண்டு இல்லன்னா பழைய வேட்டித் துணி போட்டு வடிகட்டிருங்க, ஓரத்துல காஞ்சு நிக்கிற செதில் எல்லாம் அதுல நின்னுரும், இல்லன்னா ரோலர்ல ஒட்டிக்கிட்டு சுவர்ல கோடு கோடா இழுக்கும்.

கலக்கும்போது பூராத்தையும் ஒரே பக்கெட்ல ஒரே தடவையா கலக்கிறணும். இன்னைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம்னு கலந்தா சாமி வந்தாலும் அதே கலர் வராது. உங்க அஞ்சு கலரையும் வெளிச்சுவர் கலர்ல ஊத்துனா பேர் வைக்க முடியாத ஒரு மண் கலர் வரும். அது புடிக்கலன்னா கடையில கறுப்பு ஸ்டெய்னர் (பெயிண்ட்ல கலர் கூட்டுறதுக்கு ஊத்துற மை) சின்ன பாட்டில் வாங்கி சொட்டுச் சொட்டா விடுங்க, கிரே பக்கம் போயிரும், பாக்கவும் டீசண்டா இருக்கும். காம்பவுண்டு சுவருக்கு இதைத் தாராளமா அடிக்கலாம் ஆனா முத கோட்டா அடிங்க. ஏன்னா உள் ரூம் எமல்ஷன்ல வெயில் மழைக்கான மருந்து கம்மி, அது சேந்த கலவை ரோட்டுப் பக்கம் நேரா வெயில் படுற இடத்துல சீக்கிரம் வெளுத்து கையில மாவா ஒட்டும். மேல ஒரு கோட்டு புது எக்ஸ்டீரியர் குடுத்தீங்கன்னா நிக்கும், உங்களுக்கும் புதுசு பாதி செலவாகுறது மிச்சம். காம்பவுண்டோட உள்பக்கம், மோட்டார் ரூம், பின்னாடி பாத்ரூம் வெளிச்சுவர், இங்கயெல்லாம் கலவையே ரெண்டு கோட்டு போதும்.

மொட்டை மாடித் தரைக்கு வேணவே வேணாம் அண்ணே. சுவர் பெயிண்ட் தண்ணி தேங்குறதுக்கும் மிதி படுறதுக்கும் செஞ்சது இல்ல. ஒரு மழை, ஒரு வெயில், அப்புறம் அப்பளமா உரிஞ்சு வரும். மாடித் தண்ணி நேரா மழைநீர் சேகரிப்புக் குழிக்குத்தான போகுது, உரிஞ்ச செதில் எல்லாம் அதுக்குள்ள போய் அடைக்கும். மாடிக்குன்னு கூல் ரூஃப், வாட்டர் புரூஃப் ஐட்டம் தனியா இருக்கு, வெள்ளையா இருக்குங்கிறதுக்காக எல்லா வெள்ளையும் அது ஆயிராது.


குப்பைக்_கணக்கு:

பாண்டி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் எங்க ஏரியா குடியிருப்போர் சங்கத்துல குப்பை பிரிக்கிற வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டு அலையுற ஆளு, அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

2016-ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்ல பெயிண்ட் டப்பாவைப் பேர் சொல்லியே "வீட்டு அபாயக் கழிவு"ன்னு போட்டிருந்தாங்க, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, பேட்டரி, ஊசி எல்லாம் அதே லிஸ்ட்ல வந்துச்சு. இதையெல்லாம் மத்த குப்பையோட கலக்காம தனியா வாங்குறதுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் உள்ளாட்சி அமைக்கணும்னும் அதுலயே இருந்துச்சு. எழுத்துல மட்டும் தான். உங்க தெருவுல வர்ற அக்கா "வேணாம்"னு சொன்னதுல அவங்க தப்பு எதுவும் இல்ல, அவங்க வண்டியில அதைத் தனியா வைக்க ஒரு டப்பா கூட குடுக்கல, தண்ணியா இருக்கிற பெயிண்ட் கவுந்தா மொத்த வண்டியும் நாசம், கழுவுறதும் அவங்க தான். அதனால மாநகராட்சி மண்டல ஆபீஸ்ல கேட்கும்போது "பழைய பெயிண்ட்"னு கேக்காதீங்க, "வீட்டு அபாயக் கழிவு எங்க ஒப்படைக்கணும்"னு அந்த வார்த்தையைப் போட்டு எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. வாய்ல கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவாங்க.

இன்னொரு கூத்து சொல்றேன் கேளுங்க. பிளாஸ்டிக்ல அடைச்சு சரக்கைச் சந்தையில விடுற கம்பெனியே அந்த பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுக்கிற பொறுப்பையும் ஏத்துக்கணும்னு 2022-ல விரிவான வழிமுறை வந்துச்சு, கெட்டியான பிளாஸ்டிக் டப்பா பக்கெட் எல்லாம் அதுல முதல் வகை. ஆக உங்க 20 லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு பொறுப்பாளி இருக்கான். அந்த பக்கெட்டுக்குள்ள நிக்கிற 10 லிட்டர் பெயிண்டுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. காயலான் கடைக்காரர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே சட்டம் தான், பக்கெட்டைக் குடு, உள்ளதை நீயே பாத்துக்கோ.

மழைநீர் வடிகால்ல மட்டும் ஊத்திராதீங்க. அது பாதாளச் சாக்கடை மாதிரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போற லைன் இல்ல, நேரா நீர்நிலைக்குப் போகுது. மேற்கு தாம்பரம்னா அடையாறு, கிழக்குன்னா ஏரி ஏரியாத் தாண்டி பள்ளிக்கரணை. 2022-ல ராம்சார் தளம்னு (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு) அறிவிச்சு பெருமைப்பட்ட அதே சதுப்பு நிலம் தான். எமல்ஷன்ங்கிறது தண்ணியில மிதக்குற பிளாஸ்டிக் துகள், தண்ணி போன பிறகு அது எங்கயும் போகாது, அங்கேயே தான் கிடக்கும். பாதாளச் சாக்கடையில ஊத்துனாலும் நல்லது இல்ல, உங்க வீட்டு பைப்லயே படிஞ்சு அடைக்கும்.

கெட்டுப்போன எமல்ஷனை என்ன பண்றதுன்னா, காய வைக்கணும், வேற வழி இல்ல. ஒரு உடைஞ்ச அன்னக்கூடையோ தட்டோ எடுத்து பழைய பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு அதுல எம்சாண்டோ மரத்தூளோ போட்டு கெட்டுப்போனதை மெலிசா ஊத்திக் கிளறி நிழல்ல காத்தோட்டமா விட்டுருங்க, பிள்ளைங்க நாய் பூனை போகாத இடமாப் பாத்து. கல்லு மாதிரி ஆன பிறகு தனிப் பையில கட்டி இது காஞ்ச பெயிண்ட்னு சொல்லிக் குடுத்தா வண்டிக்காரங்க வாங்கிக்குவாங்க, எங்க தெருவுல வாங்குறாங்க. தயவுசெஞ்சு எரிக்காதீங்க.

காலி பக்கெட்டை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அடியில ஆணியால ரெண்டு ஓட்டை போட்டுருங்க. பிராண்டு பேர் போட்ட நல்ல பக்கெட்டுக்கு டூப்ளிகேட் பெயிண்ட் அடைக்கிற ஆளுங்க கிட்ட நல்ல கிராக்கி. ஓட்டை போட்டது செடி வைக்க ஆகும், அதுவே போதும்.


ஸ்கார்பரோ_அக்கா:

வெளிநாட்டில என்ன நடக்குது எண்டு கேட்டிருக்கிறீங்கள், நான் கனடாவில ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறன், இங்கத்தைய கதையைச் சொல்லுறன். இங்க பெயிண்ட் வாங்கேக்கயே பில்லில ஈகோ ஃபீ (சுற்றுச்சூழல் கட்டணம்) எண்டு ஒரு சின்னக் காசு சேர்த்துப் போடுவினம். ஆரம்பத்தில எனக்குக் கோவம், வரிக்கு மேல இது வேற என்ன எண்டு. பிறகு தான் விளங்கினது, மிஞ்சின பெயிண்டைத் திருப்பி எடுக்கிற செலவை வாங்கேக்கயே நாங்கள் கட்டிப் போடுறம். அதால கொண்டு போய்க் குடுக்கேக்க ஒரு சதமும் கேக்க மாட்டினம். பிரிட்டிஷ் கொலம்பியாவில 1994-லயே இதைத் தொடங்கிட்டினம், அமெரிக்காவில முதல் முதல் ஒரிகன் மாநிலம் 2009-ல சட்டம் போட்டது, ஆஸ்திரேலியாவில 2016-ல இருந்து லிட்டருக்கு 15 சதம் எடுத்து இதே மாதிரி நடத்துகினம், என்ரை தங்கச்சி மெல்பேர்ணில இருக்கிறா, அவவும் காரில ஏத்திக்கொண்டு போய்க் குடுக்கிறவ.

டொரோண்டோவில சிட்டியின்ரை டிப்போவில குடுக்கலாம், வருசத்தில சில நாள் ஒவ்வொரு ஏரியாவிலயும் என்வயர்ன்மென்ட் டே எண்டு வைப்பினம், அங்கயும் எடுப்பினம். கார் இல்லாத ஆக்களுக்கு வீட்டுக்கே வந்து எடுக்கிற சேவையும் இருக்கு, ஆனா ஆகக் குறைஞ்சது 10 லிட்டர் சேர்ந்திருக்க வேணும்.

சேர்த்த பெயிண்டில தண்ணிப் பெயிண்ட் தான் திரும்பப் பெயிண்டா வாறது. எண்ணெய்ப் பெயிண்டைப் பெரும்பாலும் எரிபொருளாத் தான் பாவிக்கினம், அதையும் ரீசைக்கிள் எண்டு சொல்லுறது எனக்கு அவ்வளவு பிடிக்கேல்லை. குவிபெக்கில விக்டோரியாவில் (Victoriaville) எண்ட ஊரில செய்யிற பூமராங் எண்ட ரீசைக்கிள் பெயிண்ட் கடையளில விக்குது, புதுசை விட மலிவு. நாங்கள் பேஸ்மென்டுக்கும் கராஜுக்கும் அது தான் அடிச்சனாங்கள், ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனா கலர் எண்டு பார்த்தா பெரிசா இல்லை, பழுப்பு, சாம்பல், மண்ணிறம் இப்பிடித்தான், பளிச்செண்ட வெள்ளை கிடைக்கிறது கஷ்டம். மகள் தன்ரை அறைக்குக் கேட்ட லாவண்டர் அங்க எங்க கிடைக்கிறது, அதுக்குப் புதுசு தான் வாங்கினது.

இங்கத்தைய பெரிய பிரச்சினை குளிர். கராஜில வைச்ச தண்ணிப் பெயிண்ட் மாரியில உறைஞ்சு இளகி உறைஞ்சு இளகி கட்டி பட்டுப் போகும், பிறகு எந்தக் கம்பெனியாலயும் அதைத் திருத்த ஏலாது. உங்கடை ஊரில வெக்கை தான் வில்லன் எண்டு நினைக்கிறன்.


லேப்_பையன்:

அக்கா சொன்ன அதே விஷயத்தை பெயிண்ட் பக்கத்துல இருந்து சொல்றேன், நான் கோட்டிங்ஸ் லேப்ல வேலை பாத்தவன். ஆமா வெக்கை தான் வில்லன். டின்ல இருக்கிற எமல்ஷன் கெட்டுப் போகாம இருக்க கொஞ்சம் கிருமிநாசினி போட்டிருப்பாங்க. மூடியைத் திறந்து தண்ணி கலந்து, தெருக்குழாய்ல கழுவுன பிரஷை உள்ள முக்கி எடுத்த நிமிஷத்துல இருந்து பாக்டீரியா உள்ள போக ஆரம்பிக்கும், அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா தீரும். நம்ம வெயிலுக்கு அது வேகமா நடக்கும். அதனால தண்ணி ஊத்திக் கலந்த பெயிண்டை எடுத்து வைக்கவே கூடாது, தண்ணி கலக்காத மிச்சம் மட்டும் தான் வைக்க லாயக்கு. இது தெரியாம வேலை முடிஞ்சதும் டிரேல இருக்கிறதையும் டின்லயே திருப்பி ஊத்துறது தான் நம்ம ஊர் வழக்கம், அங்க தான் பாதி பெயிண்ட் சாகுது.

ரீசைக்கிள் ஃபேக்டரின்னதும் பெரிய மெஷின் ஒரு பக்கம் டப்பாவை முழுங்கி மறுபக்கம் பெயிண்ட் துப்பும்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு டப்பாவையும் ஆள் கையால திறந்து, பாத்து, மோந்து, உள் பெயிண்டா வெளி பெயிண்டா, மங்கலான மேட் பெயிண்டா பளபளப்பான கிளாஸ் பெயிண்டான்னு பிரிச்சு, கலர் வாரியா ஒதுக்கி, பெரிய டேங்க்ல ஊத்தி, வடிகட்டி, மறுபடி மருந்து சேத்து, கெட்டித்தன்மை சரி பண்ணி, கலர் டெஸ்ட் பண்ணி அப்புறம் தான் அடைப்பாங்க. யாரோ ஒருத்தர் எமல்ஷன் டப்பாவுல மிச்ச தின்னரை ஊத்தி மூடியிருப்பார், அதைக் கவனிக்காம டேங்க்ல கவுத்தா மொத்த டேங்கும் போச்சு. மண் கலரா வர்றதுக்குக் காரணமும் இது தான், நூறு வீட்டு கலர் ஒண்ணா சேந்தா மிஞ்சுறது அது தான், அடர்த்தியான கலரை லேசாக்கணும்னா புது வெள்ளையை நிறைய ஊத்தணும், அப்ப ரீசைக்கிள் பண்ண லாபமே போயிரும்.

இவ்வளவு தொல்லைக்கு ஏன் பண்ணணும்னு கேட்டா, பெயிண்ட்ல விலை கூடுன சரக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, அந்த வெள்ளைப் பொடி தான் சுவரை மறைக்குது. அது எங்க இருந்து வருது? மணவாளக்குறிச்சியிலயும் சவறாவுலயும் கடற்கரை கறுப்பு மணல்ல இருந்து இல்மனைட் எடுத்து, ஆசிட் இல்லன்னா குளோரின் போட்டு, ஏகப்பட்ட கரண்டு செலவு பண்ணி எடுக்கிறது. குமரி மாவட்டத்து ஆளுங்களைக் கேட்டா அந்த மணலோட அரசியல் தனிக்கதையா சொல்லுவாங்க. ஒரு டப்பா நல்ல எமல்ஷனைக் காய வச்சு குப்பைக்கு அனுப்புனா அந்த மணல், ஆசிட், கரண்டு எல்லாத்தையும் சேத்துத்தான் அனுப்புறோம். அதனால முதல் மரியாதை எப்பவும் சுவர்ல அடிச்சுத் தீக்கிறதுக்குத்தான். காய வைக்கிறது கடைசி.

நம்ம ஊர்ல ஏன் வரலன்னு எனக்கு ஒரு கருத்து இருக்கு. கனடாவுல புது பெயிண்ட் விலை அதிகம், அதனால மலிவான ரீசைக்கிள் பெயிண்டுக்கு ஆள் இருக்கு. இங்க டிஸ்டெம்பர், எகானமி எமல்ஷன்னு ஏற்கனவே அடிமட்ட விலையில சரக்கு கிடைக்குது. வீடு வீடாப் போய் அரை லிட்டர் அரை லிட்டரா சேத்து, ஆள் போட்டுப் பிரிச்சு, அந்த விலைக்குக் கீழ விக்க முடியவே முடியாது. வாங்கும்போதே லிட்டருக்கு ஒரு ரூபா ரெண்டு ரூபா எடுத்து வச்சா மட்டும் தான் இது ஓடும். அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல.


நெல்லை_மாமா:

இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு ஆராய்ச்சி. பக்கத்துல அங்கன்வாடி, பள்ளிக்கூடம், அம்மன் கோவில் எதுவும் இல்லயா? தூக்கிக் குடுத்தா அடிச்சுக்கிடுவாங்க, புண்ணியமும் ஆச்சு இடமும் காலியாச்சு. அந்தக் காலத்துல சுண்ணாம்பு அடிச்சோம், மிஞ்சுனா தென்னை மரத்துக்குப் பூசுவோம், முடிஞ்சு போச்சு.


குப்பைக்_கணக்கு:

மாமா நல்ல பெயிண்டா இருந்தா குடுக்கலாம், தப்பே இல்ல. ஆனா அந்தப் பரண்ல இருந்து இறங்குன எனாமலை மட்டும் குழந்தைங்க இருக்கிற இடத்துக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு விதி போட்டதே 2016-ல தான், 2017 நவம்பர்ல இருந்து தான் அது அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின எனாமல்ல, அதுலயும் மஞ்சள் சிவப்பு பச்சையில, ஈயம் தாராளமா போட்டுருந்தாங்க. அங்கன்வாடி ஜன்னல் கம்பியில அதை அடிச்சு, உரிஞ்சு விழுற செதிலைப் பிள்ளை வாய்ல வச்சா அது மூளையைப் பாதிக்கிற சமாச்சாரம். அதே மாதிரி வீட்ல அந்தக் காலத்து எனாமல் அடிச்ச கதவைச் சுரண்டும்போதும் காய்ஞ்ச உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்க விடாதீங்க, தண்ணி தொட்டுத் தேய்ங்க.

பொதுவா குடுக்கிறதுல இன்னொண்ணு, அரை லிட்டர் ரோஸ், முக்கா லிட்டர் பச்சைன்னு பள்ளிக்கூடத்து வாசல்ல இறக்கி வச்சுட்டு வந்தா அது தானம் இல்ல, நம்ம குப்பையை அவங்க தலையில கட்டுறது. ஒரு சுவருக்கு முழுசா வர்ற அளவு ஒரே கலரா கலந்து, ஒரு ஓரத்துல அடிச்சுக் காட்டி, அவங்க சரின்னா குடுங்க. முடிஞ்சா அடிக்கிற கூலியையும் சேத்துக் குடுங்க.


தாம்பரம்_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. டப்பா எல்லாத்தையும் திறந்து பாத்தேன், உள் ரூம் டின்ல ஒண்ணு செம நாத்தம், மேஸ்திரி ஆளுங்க டிரே மிச்சத்தைத் திருப்பி ஊத்துனது அதுவா தான் இருக்கணும். மத்தது எல்லாம் நல்லா இருக்கு. காம்பவுண்டுக்கு கிரே முடிவு பண்ணியாச்சு.

பாண்டி அண்ணே ரெண்டு சந்தேகம். எனாமலையும் தின்னரையும் என்ன பண்ணட்டும்? டச்சப்புக்குன்னு ஒவ்வொரு கலர்லயும் கொஞ்சம் வைக்கணும்னு வீட்ல சொல்றாங்க, எவ்வளவு வைக்கலாம், எப்படி வைக்கலாம்? அப்புறம் ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே, பக்கெட்டுக்கு இவ்வளவு காசுன்னு பெயிண்டருக்கு கம்பெனி டோக்கன் இருக்குன்னு சொல்றாங்க, அதனால தான் லிஸ்ட் நீளமா வருதா?


கலர்_பாண்டி:

கோவம் எதுக்கு அண்ணே, உள்ளதத்தான கேக்குறீங்க. முன்ன டப்பாவுக்குள்ளயே டோக்கன் கிடக்கும், இப்ப ஸ்கேன் பண்ணி பாயிண்ட் ஏத்துறாங்க. அதுக்காகவே கூட்டி எழுதுற ஆளும் இருக்கான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நெசமாவே பாதி நேரம் பயத்துல தான் கூட்டி எழுதுறது. கடைசி சுவர்ல பெயிண்ட் தீந்து, மறுபடி மிக்ஸ் போட்டு வாங்கி, ஒரு பொட்டு வித்தியாசம் வந்துச்சுன்னா ஓனர் கூலியப் புடிச்சுக்கிருவாரு. அடுத்த தடவை லிஸ்ட் வாங்கும்போது "எத்தனை சதுர அடிக்கு எத்தனை லிட்டர் போட்டீங்க"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, தன்னால குறையும். டப்பாவுல கவரேஜ் (ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும்னு) போட்டிருப்பான், புதுச்சுவரா இருந்தா அதுல இருந்து கொஞ்சம் குறைச்சு கணக்குப் போட்டுக்கங்க. அப்புறம் பெரிய பக்கெட்டா மொத்தத்தையும் மிக்ஸ் போடாம கடைசி 4 லிட்டர வேலை முடியுற நேரத்துல வாங்குங்க, ஷேட் நம்பர் இருந்தா அதே மெஷின்ல அதே கலர் வரும், மூலைக்கு மூலை முழுச் சுவரா அடிச்சுட்டா கொஞ்ச நஞ்ச வித்தியாசமும் தெரியாது.

எனாமல் புதுசு தான, அதை வீணாக்க வேணாம். கேட்டு, மோட்டார் ரூம் கதவு, சைக்கிள் ஸ்டாண்டு, துருப்புடிச்ச கொடிக்கம்பி எதுக்காச்சும் உப்புத்தாள் போட்டு அடிச்சுத் தீத்துருங்க. மேல ஆடை கட்டியிருந்தா கலக்காதீங்க, கத்தியால ஓரத்தை வெட்டி ஆடைய முழுசாத் தூக்கிட்டு கீழ இருக்கிறத வடிகட்டி அடிங்க. தின்னரை எங்கயும் ஊத்தாதீங்க, பிரஷ் கழுவுன அழுக்குத் தின்னரையும் ஒரு பாட்டில்ல மூடி வச்சா ரெண்டு நாள்ல அடியில மண்டி தங்கிரும், மேல தெளிஞ்சதை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாம், நாங்க அப்படித்தான் ஓட்டுறோம். எனாமலோ வார்னிஷோ துடைச்ச துணியச் சுருட்டி மூலையில எறிஞ்சிறாதீங்க, அந்த எண்ணெய் காயும்போது சூடு ஏறும், குவிச்சு வச்சா தானாவே தீப்புடிக்கும், மரவேலைப் பட்டறையில நடந்திருக்கு. விரிச்சுப் போட்டுக் காய வச்சு அப்புறம் எறிங்க.

பழைய ரெண்டு எனாமலையும் மூடி வரலன்னு நெருப்புல காட்டுறது சுத்தியால அடிக்கிறது எல்லாம் வேணாம், அப்படியே ஒரு கவர்ல கட்டி, எழுதி ஒட்டி, அந்த குப்பைக்கணக்கு சார் சொன்ன ஆபீஸ்ல வாங்குற வரைக்கும் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

டச்சப்புக்கு ஒரு கலருக்கு கால் லிட்டர் தாராளம், அதுக்கு மேல வச்சா கெட்டுத்தான் போகும். பெரிய டின்லயே வைக்காதீங்க, உள்ள காத்து நிறைய நின்னா ஆடை கட்டும். சின்ன டப்பாவுல கழுத்து வரைக்கும் ஊத்தி, வாய்ல ஒரு பாலிதீன் பேப்பர் வச்சு மூடிய இறுக்குங்க. டப்பா மேல ஷேட் நம்பர், பேஸ் பேரு (கலர் கலக்குறதுக்கு முந்தின அடிப்படை பெயிண்ட்), எந்த ரூமு, எந்த மாசம் அடிச்சதுன்னு மார்க்கர்ல எழுதிருங்க. கடைக்காரன் மூடியில ஒட்டுன ஸ்டிக்கரை இப்பவே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, அது ஈரம் பட்டா அழிஞ்சு போகும். மாடிப்படிக்கு கீழ வெயில் படாம இருக்குன்னா அங்கேயே இருக்கட்டும், தகர ஷெட்டு மட்டும் வேணாம்.

காம்பவுண்டுக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி பாசி இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு பிளீச்சிங் பவுடர் தண்ணி விட்டுக் கழுவி ரெண்டு நாள் காய விடுங்க, அதுக்கு மேல அந்த மிச்ச பிரைமரை ஒரு கோட்டு ஓட்டிருங்க, அந்த டப்பாவும் தீந்துரும்.